நடுக்கோட்டுக்கு ஓரடி முன்னால்

விசில் ஊதியாகிவிட்டது.

அருள்மொழி வைத்த காலை எடுக்காமல் அப்படியே நின்றாள். நடுக்கோடு அவளுடைய பெருவிரலுக்கு ஓரடி முன்னால் பளிச்சென்று வெள்ளையாகக் கிடந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவள் இடுப்பை யாரும் கட்டிப் பிடித்திருக்கவில்லை. காலைக் கவ்வியிருக்கவில்லை. துரத்திக்கொண்டு வந்தவள்கூட ஒருத்தியும் இல்லை. கருணாபுரத்துப் பெண்கள் அத்தனை பேரும் தங்கள் கடைசிக் கோட்டோரம் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாட்டு அறுந்துபோச்சு! ரைடர் அவுட்டு!"

நடுவர் வெங்கடேசனின் கை கருணாபுரம் பக்கம் நீண்டது. அவ்வளவுதான். சித்திரைக் கோப்பை இந்த வருஷம் மலையேறாமல் கள்ளக்குறிச்சியிலேயே தங்கிவிட்டது.

யாராலும் நம்ப முடியவில்லை. ஆட்டம் சமநிலை. கடைசி ரைடு. போனது மலைமேல் இருக்கிற கரியாலூரின் அருள்மொழி. மைக்கில் பேசுகிறவர் ‘மலைப்புயல்’ என்று பட்டம் கட்டி அழைக்கிற அருள்மொழி. கருணாபுரத்தின் மூலைக்காரி குஞ்சம்மாளின் தோளைத் தொட்டும் விட்டாள். ‘கபடி கபடி’ பாட்டை விடாமல் திரும்பி வந்து கோட்டை மிதித்திருந்தால் கோப்பை கையில். வருகிற வழியில் தடுக்க ஒரு ஆள் கிடையாது. அந்த வெறும் மண்ணில்தான் பாட்டு நின்றுபோனது.

நிறுத்தியது தான் இல்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டுதான் உள்ளே போனாள். பாதி வழியில் அந்த மூச்சு மொத்தமும் ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி எங்கேயோ ஒழுகிப் போய்விட்டது.

மைதானத்துக்கு வெளியே மலைக்குப் போகிற ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. கேப்டன் ஜீவா ஜீப்பில் ஏறாமல் காத்திருந்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அருள்மொழியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

"யாரும் புடிக்காமயே அவுட்டு ஆவாளாடி ஒருத்தி? நீயே சொல்லு."

அருள்மொழி தலையைக் குனிந்தாள்.

"கேக்கறேன் இல்ல? கப்பே போயிடிச்சி, இன்னும் இன்னா விரதம்? வாயத் தொறந்து பேசு!"

விரதம் அம்மா சின்னப்பொண்ணு போட்டது. தை மாத மேட்சில் குஞ்சம்மாளின் முழங்கை அருள்மொழியின் கழுத்தில் இடித்தது. அதற்குப் பிறகு குரல் கரகரவென்று போனது எல்லோருக்கும் தெரிந்தது. பாடிப் பாடித் தொண்டை கட்டிக்கொண்டது, போதாததற்கு அடி வேறு என்றார்கள். மலைத்தேன், மிளகு, சித்தரத்தை எல்லாம் ஆனது. கீழே ஒரு கிளினிக்கில் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்து, மாத்திரை கொடுத்து, பேச்சைக் குறைக்கச் சொன்னார்கள். சின்னப்பொண்ணு ஒரேயடியாக மாரியம்மனிடம் ஒப்படைத்துவிட்டாள்: "கப்ப தூக்கிக்கினு மலையேர்ற வரைக்கும் எம்பொண்ணு வாயில கபடிய தவிர வேற பேச்சு வராது, தாயே!"

அம்மன் கேட்டாளோ இல்லையோ, ஊர் கேட்டுக்கொண்டது. ஒருத்தரும் அவளிடம் பேச்சுக் கொடுக்கவில்லை. பயிற்சியில் வாயை மட்டும் அசைத்தாள். மேட்சில் உள்ளே போனதும் மின்னலாகத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். நின்று விளையாட மூச்சு இல்லை என்பதால் அப்படிச் செய்தாள். ஊரோ ‘புது ஸ்டைல்’ என்று கைதட்டியது. மாசி, பங்குனி முழுக்க அந்தக் குரல் என்ன ஆயிற்று என்று கேட்க ஒரு ஆள் இல்லாமல் போனது இப்படித்தான்.

இப்போது வாயைத் திறந்தாள். ஜீவா, நான் வேணும்னு செய்யல என்றுதான் சொல்லப் போனாள். வந்தது காற்று. பஞ்சர் ஆன டியூப் மாதிரி ஒரு ‘புஸ்’. இன்னொரு தரம் முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் முட்டியது, பேச்சு மட்டும் வரவில்லை.

"நடிக்காத." ஜீவாவின் குரலும் உடைந்துதான் இருந்தது. "உங்கக்கா வாக்கப்பட்ட ஊரு. கப்ப தாய்வூட்டு சீரா குடுத்துட்ட. நல்லா இருங்கடி. ஜெர்சிய மட்டும் தோச்சி வூட்டாண்ட குடுத்துடு."

ஜீப் கிளம்பிவிட்டது. அவளை ஏற்றிக்கொள்ளாமல்.

*

அக்கா மணிமொழியின் வீடு கள்ளக்குறிச்சியில், அதே கருணாபுரத்தில். அவள் கணவன் அஜித்குமார் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அத்தோடு கருணாபுரம் பெண்கள் அணிக்கு மேனேஜர். "கருணாபுரம்னா பேப்பர்காரன் சாராய சாவு சேதிக்கு மட்டுந்தான் வருவானா? ஒரு வாட்டி கப்பு சேதிக்கும் வரட்டும்" என்று தெருத்தெருவாகப் போய்ப் பெண்களைச் சேர்த்தவன். நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கு அவன் வீட்டில் திருவிழாவாக இருந்திருக்க வேண்டும். வாசலில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. உள்ளே அஜித்குமார் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான்.

மணிமொழி தங்கைக்குத் தண்ணீர் கொடுத்தாள். அருள்மொழி ஒரு வாய் குடித்தாள். உடனே இருமல். மூக்கு வழியாகத் தெறித்தது தண்ணீர்.

"மெதுவாடி."

மெதுவாகக் குடித்தாலும் அதேதான். மணிமொழி இடுப்பில் கையை வைத்தாள்.

"களி உள்ள போவுது. கொழம்பு உள்ள போவுது. தண்ணி மட்டும் ஏன்டி பொறையேறுது? எத்தினி நாளா?"

அருள்மொழி விரலை மடக்கி எதையோ எண்ணப் போய், கைவிட்டுவிட்டாள். ரொம்ப நாளாக.

"யோவ்!" மணிமொழி புருஷன் பக்கம் திரும்பினாள். "மூலைல குந்திக்கினு இன்னா போன நோண்டற? காலைல வண்டிய எடு. இவள பெரிய டாக்டராண்ட காட்டணும்."

ஜெயித்த அணியின் மேனேஜர், தோற்றவனைப் போலத் தலையாட்டினான்.

*

காது மூக்கு தொண்டை டாக்டர் ஷாலினிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பேச்சில் சுறுசுறுப்பு. மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்திருந்த சின்னப்பொண்ணு, விரதத்திலிருந்து சித்தரத்தை வரை ஒரே மூச்சில் ஒப்பித்தாள். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அம்மா, சாமி மேல தப்பில்ல. ஆனா இந்த விரதத்துனால நோவுக்குத்தான் வசதி ஆயிடுச்சு. யாரும் கண்டுபிடிக்காம ஜாலியா உள்ளேயே இருந்திருக்கு." அருள்மொழி பக்கம் திரும்பினாள். "நல்லா மூச்சை இழுத்து, ‘ஆ’ன்னு எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் சொல்லும்மா."

அருள்மொழி ஆரம்பித்தாள். ஆரம்பித்த வேகத்திலேயே தீர்ந்துபோனது. மலைச்சரிவில் ஒரே மூச்சில் பாட்டு சொல்லிக்கொண்டு மேலே ஏறிப் பழகியவளுக்கு அவமானமாக இருந்தது.

"நுரையீரல் கோளாறா, டாக்டர்?" என்றான் அஜித்குமார்.

"நீங்க வண்டி ஓட்டுறவர்தானே? டயர்ல காத்து ஏகத்துக்கும் இருக்கு. வால்வு மூடல. அப்படின்னு நினைக்கிறேன். உள்ள போய்ப் பார்த்துடலாம்."

மூக்கில் மருந்தைப் பீய்ச்சி மரத்துப்போகச் செய்தார்கள். நூடுல்ஸ் பருமனில் ஒரு குழாய், முனையில் கேமரா. மூக்கு வழியாக அது இறங்க இறங்க, எதிரே டிவியில் ஒரு சிவப்புக் குகை விரிந்துகொண்டே போனது. குகையின் ஆழத்தில், கூரை போட்ட மாதிரி சாய்ந்து நின்ற வெள்ளைப் பட்டைகள் இரண்டு.

"இதுதான் உன் குரல் நாண். பேசும்போது ரெண்டும் நடுவுல வந்து ஒட்டணும், மூச்சு விடும்போது விலகணும். சொல்லு, ‘ஈ’..."

அருள்மொழி டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வலது பட்டை சட்டென்று நடுவுக்கு ஓடி வந்தது. இடது பட்டை வரவில்லை. இருந்த இடத்திலேயே கிடந்தது. நடுவில் விழுந்த சந்து வழியாகக் காற்று புஸ்ஸென்று போவது திரையிலேயே தெரிந்தது.

"மறுபடியும்."

வலது ஓடி வந்தது. இடது அசையவே இல்லை. மைதானத்தில் தனியாக நின்றது ஞாபகம் வந்தது அவளுக்கு.

டாக்டர் குழாயை வெளியே எடுத்தாள். "இடது பக்க நாண் செயலிழந்து போயிருக்கு. தண்ணி பொறையேறுறதும் அதனாலதான். கதவு சரியா சாத்தல, தண்ணி மூச்சுக்குழாய்க்குள்ள நுழையுது. களி மெதுவா இறங்கும், அது தப்பிச்சுக்குது."

"அப்ப எம்பொண்ணு நடிக்கல?" என்றாள் சின்னப்பொண்ணு.

"நடிக்கிறதா? இந்த மூச்சை வச்சுக்கிட்டு இவ கபடி ஆடினாளே, அதுதான் எனக்கு ஆச்சரியம்."

அருள்மொழிக்குக் கண் கலங்கியது. நேற்று மைதானத்திலேயே கிடைத்திருக்க வேண்டிய சாட்சி!

"ஆனா இது நோய் இல்லம்மா, அடையாளம். நாண் தானா தூங்காது. அதை ஆட்டுற நரம்பு எங்கேயோ அடிபட்டிருக்கு. எங்கேன்னு கண்டுபிடிக்கணும். தைராய்டு ஆபரேஷன்ல அந்த நரம்புல காயம் படலாம். கழுத்துல அடி படலாம். வைரஸ் காய்ச்சல்ல வரலாம். மூளையில ரத்தக்குழாய் அடைச்சா வரலாம். சில சமயம் என்ன தேடினாலும் காரணமே கிடைக்காது. இவளுக்கு ஆபரேஷன் ஏதாவது?"

"இல்லீங்க."

"கழுத்துல அடி?"

சின்னப்பொண்ணு எழுந்தே நின்றுவிட்டாள். "பட்டிச்சிங்களே! தை மாசம்! இவுங்க ஊரு குஞ்சம்மா மொழங்கையால ஒரே இடி!" விரல் நேராக மருமகனைக் குத்தியது. "தோ, இவுருதான் அந்த டீமுக்கு மேனேஜரு. வேணும்னே இடிக்க சொல்லி, எம்பொண்ணு தொண்டைய ஒடச்சி... நான் போலீசுக்கு போவேன் மாப்ள! மாப்ளன்னு பாக்க மாட்டேன்!"

"அத்தே, அப்டிலாம் இல்ல அத்தே..."

"அப்ப காரணம் கிடைச்ச மாதிரிதான்" என்று டாக்டர் எழுத ஆரம்பித்தாள். "கழுத்து வரைக்கும் ஒரு ஸ்கேன் எடுங்க. அடியால வந்ததுன்னா பல பேருக்குச் சில மாசத்துல தானா சரியாகும். காத்திருந்து பார்ப்போம்."

முடிந்தது விஷயம். குஞ்சம்மாள் குற்றவாளி. நாளைக்குள் மலை முழுக்கச் செய்தி பரவிவிடும். அருள்மொழிக்குக்கூட அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அஜித்குமாரைப் பார்த்தாள். அவன் செல்போனை எடுப்பதும் சட்டைப் பையில் போடுவதுமாக நெளிந்துகொண்டிருந்தான். நெற்றியில் வேர்வை. ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையில்.

"டாக்டர்!"

பேனா நின்றது.

"அடியால வர்ல. அதுக்கு முன்னாடியே வந்திடிச்சி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அஜித்குமார் மச்சினியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினான். "இவ ஆட்டம் பூரா நான் வீடியோ எடுத்து வெச்சிருக்கேன். இவள எப்டி மடக்கறதுன்னு தெரிஞ்சிக்க. கார்த்திகைல வெள்ளிமலைல ஆடினது, மார்கழில ஆடினது, பொங்கலுக்கு ஆடினது, எல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா போட்டு கேட்டுக்கினே இருந்தேன். பாட்டு சின்னதாயிக்கினே போவுது. குஞ்சம்மா இடிச்சது பொங்கலுக்கு அப்பறம். அதான் பைனலுக்கு எங்க பொண்ணுங்களாண்ட சொன்னேன்: யாரும் அவள புடிக்காதீங்க, பின்னாடி போயி நில்லுங்க, மூச்சு தானா போயிடும்னு."



"தெரிஞ்சிக்கினே..." சின்னப்பொண்ணுக்கு மூச்சு வாங்கியது. "தெரிஞ்சிக்கினே வாய மூடிக்கினு இருந்தியா? உனுக்கு கறி ஆக்கி ஆக்கி போட்டேனே, பாவி!"

"ஆட்டத்துல அசந்துட்டா போலன்னு நெனச்சேன் அத்தே. சத்தியமா நோவுன்னு தெரியாது."

அருள்மொழிக்கு அவன் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. கத்தக் குரலில்லை. அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள், ரைடில் தொடுகிற மாதிரி இல்லை, நிஜமான அடி. அவன் வாங்கிக்கொண்டான். பிறகு செல்போனை அவளே பிடுங்கி டாக்டரிடம் நீட்டினாள்.

டாக்டர் ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். கார்த்திகை மாத அருள்மொழி களத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை அசராமல் பாடினாள். மார்கழியில் நடுவில் ஒரு பிசிறு. பொங்கல் ஆட்டத்தில் பாட்டுக்குள் காற்றுச் சத்தம். ஆக, முழங்கை கழுத்தில் படுவதற்கு முன்பே குரல் தேய ஆரம்பித்துவிட்டது.

எழுதிய சீட்டை டாக்டர் கிழித்தாள்.

"நல்லவேளை சொன்னீங்க. அடின்னா பட்டுன்னு போயிருக்கும். இது கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கு. அப்ப எதுவோ ஒண்ணு மெல்ல வளர்ந்து நரம்பை நெருக்குது." தன் மார்பில் விரலால் வளைத்துக் காட்டினாள். "இடது பக்க நரம்பு இருக்கே, அது மூளையிலேர்ந்து இறங்கி நேரா தொண்டைக்குப் போகாது. நெஞ்சுக்குள்ள இறங்கி, இதயத்துலேர்ந்து கிளம்புற பெரிய குழாயைச் சுத்திக்கிட்டு மறுபடி மேல ஏறும். நம்ம மலைப்பாதை பஸ் மாதிரி. கழுத்தோட நிறுத்தியிருந்தா அந்த வளைவைப் பார்க்காம விட்டிருப்போம். மண்டை அடியிலேர்ந்து நெஞ்சு வரைக்கும் எடுக்கணும். அருள், சாயங்காலத்துல ஜுரம் மாதிரி இருக்கா? வேர்க்குதா? எடை குறைஞ்சிருக்கா?"

மூன்றுக்கும் தலையாட்டினாள் அருள்மொழி. பயிற்சியால் வந்த அசதி என்றல்லவா நினைத்திருந்தாள்!

*

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்தபோது டாக்டர் சிரிக்கவில்லை. பெரிய ரத்தக்குழாயின் வளைவுக்கு அடியில், சரியாக நரம்பு திரும்புகிற இடத்தில், கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி.

"இன்னாதுங்க அது?" என்றாள் சின்னப்பொண்ணு.

"நெறிக்கட்டு மாதிரி தெரியுது. நல்லதா கெட்டதான்னு படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதும்மா. பாண்டிச்சேரியில பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். மூச்சுக்குழாய் வழியா ஊசி விட்டு அதுலேர்ந்து துளி எடுத்துப் பார்ப்பாங்க."

கெட்டது என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. லோடு ஆட்டோவில் திரும்பும்போது மணிமொழி தங்கையின் கையை விடவே இல்லை. ஓட்டிக்கொண்டிருந்தவன் கண்ணாடியில் பார்ப்பதும் கண்ணைத் துடைப்பதுமாக இருந்தான்.

"அழுதுக்கினு ஓட்டாதய்யா. மொத்தமா பள்ளத்துல எறக்கிடப் போற" என்றாள் மணிமொழி.

பாண்டிச்சேரியில் ஊசி போட்டுத் துளி எடுத்தார்கள். சளியையும் சோதித்தார்கள். முடிவு வருகிறவரை சின்னப்பொண்ணு பச்சைத் தண்ணீர் குடித்தாளா என்பது சந்தேகம். ஒருநாள் காலை டாக்டர் ஷாலினியிடமிருந்து அழைப்பு. உடனே வாருங்கள்.

போனால், டாக்டர் வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தாள்.

"டிபி!"

சின்னப்பொண்ணு மிரண்டுபோனாள். "டிபியா? ஐயோ, அத சிரிச்சிக்கினு சொல்றீங்களே டாக்டரம்மா!"

"சிரிக்காம? நான் கேன்சர்னு பயந்துக்கிட்டு இருந்தேன்மா! இது மாத்திரைக்கு அடங்குற சனியன். சர்க்கார்லயே சும்மா குடுப்பாங்க. ஒரு நாள் விடாம முழுங்கினா போயிடும்."

"தொத்திக்குமா?" மணிமொழி கேட்டாள்.

"சளியில கிருமி இல்ல. இது நெஞ்சுக்குள்ள இருக்குற நெறிக்கட்டுல உட்கார்ந்திருக்கு. எதுக்கும் வீட்டுல இருக்குற எல்லாரையும் ஒரு தரம் சோதிச்சுக்குவோம். கட்டி கரைஞ்சா நரம்பு மேல இருக்குற பாரம் இறங்கும். நரம்பு முழிச்சுக்குமான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா எனக்கு நம்பிக்கை இருக்கு. அதுவரைக்கும் பொண்ணு தண்ணிக்கும் பேச்சுக்கும் தவிக்க வேணாம். தூங்குற நாணுக்குள்ள ஒரு ஊசி போட்டு உப்ப வச்சா, ஓடி வர்ற நாண் அது மேல சாய்ஞ்சுக்கும். சந்து அடைஞ்சிடும். சில மாசம் தாங்கும்."

மாத்திரை பிடிபட்டு ஜுரம் இறங்கியதும் அந்த ஊசியும் ஆனது. முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள். அருள்மொழி பயந்து பயந்து ஒரு வாய் விழுங்கினாள். இருமல் வரவில்லை. இன்னொரு வாய். வரவில்லை. கடகடவென்று மீதி மொத்தத்தையும் குடித்துவிட்டு, அக்காவின் போனைப் பிடுங்கி ஒரு நம்பரைத் தட்டினாள்.

"அலோ?" என்றது ஜீவாவின் குரல்.

"கப்ப... சீரா குடுத்தனாடி நானு?"

மெல்லிய குரல்தான். கொஞ்சம் கரகரப்புதான். ஆனால் குரல். அந்தப் பக்கம் விசும்பல். "அருளு... உங்கம்மா எல்லாம் சொல்லிச்சி... எந்த மூஞ்சிய வெச்சிக்கினு உனுக்கு போன் பண்றதுன்னு..."

"அழுவாத. ஜெர்சிய தோச்சி வெச்சிருக்கேன். நானே போட்டுக்கப் போறேன்."

*

மறு வருஷம் சித்திரை. அதே மைதானம், அதே கோப்பை, அதே கருணாபுரம்.

மாத்திரை முடிந்திருந்தது. கட்டி கரைந்திருந்தது. ஊசியின் உப்பல் வடிந்த பிறகு மறுபடி கேமராவை இறக்கிப் பார்த்தபோது, டிவி திரையில் இடது நாண் சிணுங்கிக்கொண்டே நகர்ந்தது. "எழுந்துட்டாங்க மகாராணி!" என்று டாக்டர் கைதட்டினாள். அடுத்த முறை பார்த்தபோது இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு நடுவில் ஒட்டின. ஆடலாம் என்று அனுமதியும் கிடைத்தது.

அஜித்குமார் முதல் நாளே தன் பெண்களிடம் சொல்லிவிட்டான்: "இந்த மேட்சுக்கு நான் தண்ணி பாட்டில் தூக்கறவன். அவ தொண்டைய பத்தி என்னாண்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் சொல்ல மாட்டேன்."

"மாமா மச்சினிக்கு பயந்துட்டாரு" என்றாள் குஞ்சம்மாள்.

"மச்சினிக்கு இல்ல. பொண்டாட்டிக்கு."

ஜீவா போட்ட கணக்கு வேறு. ஆட்டம் முழுக்க அருள்மொழியைப் பிடிக்கிற இடத்தில் மட்டும் நிறுத்தி வைத்தாள். ஒரு ரைடுக்கும் அனுப்பவில்லை. அருள்மொழியும் வாயைத் திறக்கவில்லை. ‘பாவம், இன்னும் சரியாவல போல’ என்று கூட்டம் முணுமுணுத்தது. ஆட்டம் சமநிலைக்கு வந்து நின்றது. கடைசி ரைடு கரியாலூருக்கு.

ஜீவா திரும்பினாள். "போடி."

எதிர்க்களத்தில் குஞ்சம்மாளின் கண்கள் மின்னின. "பழைய ஆட்டந்தான்டி! யாரும் புடிக்காதீங்க! பின்னாடி வந்து நில்லுங்க, மூச்சு போயிடும்!"

தண்ணீர்ப் பாட்டிலோடு உட்கார்ந்திருந்த அஜித்குமார் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

அருள்மொழி மூச்சை இழுத்தாள். கோட்டைத் தாண்டினாள்.

"கபடி கபடி கபடி கபடி..."

கணீரென்று விழுந்தது குரல். நடுவர் வெங்கடேசன் போன வருஷம் மாதிரியே காதைச் சாய்த்துக்கொண்டு கூடவே நடந்தார். அவள் நேராக ஆழத்துக்குப் போனாள். போனஸ் கோட்டைத் தாண்டிக் காலை வீசினாள். கடைசிக் கோட்டில் முதுகு ஒட்டி நின்ற குஞ்சம்மாளுக்குப் பின்னால் போக இடமில்லை. அதே தோள். தொட்டாள். திரும்பினாள்.

இப்போது அதே வெறும் மண். தடுக்க ஒரு ஆள் இல்லை. "போயிடும், போயிடும், இப்ப போயிடும்" என்று பின்னால் குஞ்சம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தது கேட்டது. பாட்டு போகவில்லை. நடுக்கோடு நெருங்கியது. ஓரடிதான் பாக்கி.

அருள்மொழி நின்றாள்.

அதே இடத்தில். நின்று, திரும்பி, கருணாபுரத்தைப் பார்த்து, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாடினாள். "கபடி கபடி கபடி கபடி கபடி..."

"அடிப்பாவி!" ஜீவா அலறினாள். "தாண்டுடி! தாண்டித் தொலைடி!"

குஞ்சம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. "புடிங்கடி!" தொடப்பட்டவள் அவள் ஒருத்தி போக, மீதி அத்தனை பேரும் பாய்ந்து வந்தார்கள். முதல் கை அவள் சட்டையை உரசும்வரை அருள்மொழி விட்டுப் பிடித்தாள். பிறகு பின்னங்காலால் ஒரே ஒரு அடி. கோட்டுக்கு அந்தப் பக்கம்.

மைதானம் வெடித்தது. மலை மொத்தமும் இறங்கி வந்து கத்துவது போலிருந்தது. விசில் ஒலித்தது. கரியாலூர் பக்கம் கை நீண்டது. ஆனாலும் பாட்டு நிற்கவில்லை. கோடு தாண்டியும், ஜீவா வந்து கட்டிப் பிடித்துத் தூக்கிய பிறகும், அந்தரத்தில் காலை உதைத்துக்கொண்டு அவள் பாடிக்கொண்டே இருந்தாள்.

வெங்கடேசன் சிரித்துவிட்டார். "போதும்மா! பாயிண்ட்டு குடுத்தாச்சு, கப்பும் குடுத்தாச்சு! நிறுத்து!"

நிறுத்தினாள். அவளாக.

அஜித்குமார் ஓடி வந்து பாட்டிலை நீட்டினான். தோற்றவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அந்த மைதானம் பார்த்ததில்லை. "நல்லா ஏமாத்தின மச்சினி! எங்க பொண்ணுங்க என்ன உரிக்கப் போறாளுங்க."

"உரிக்கட்டும் மாமா. போன வருஷ பாக்கி."

தலையை அண்ணாந்து பாட்டிலைக் கவிழ்த்தாள். வேலியோரம் நின்றிருந்த சின்னப்பொண்ணு கோப்பையைப் பார்க்கவில்லை, மகளின் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கடகடவென்று இறங்கியது. ஒரு சொட்டு புரையேறவில்லை.

வெளியே மலைக்குப் போகிற ஜீப் ஹாரன் அடித்தது. அருள்மொழி வாயைத் துடைத்துக்கொண்டு, கோப்பையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"டிரைவரண்ணே! நான் ஏறாம வண்டிய எடுத்தா பாத்துக்க!"

ஜீப் இன்ஜின் அணைந்தது. அங்கேவரை நன்றாகக் கேட்டிருக்கிறது.